ஊதுவது ஒருவர், இருமுவது ஊர்

இந்த வாரத் தபாலில் முக்கால்வாசி புகை, கால்வாசி புற்றுநோய். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் பிரிக்காமல் பதில் சொல்கிறேன்.

பொது இடத்தில் புகை பிடிக்கத் தடை என்பது நிஜச் சட்டமா, சும்மா போர்டா?
(கல்லூரி மாணவர், திருச்சி)

நிஜச் சட்டம், தம்பி. 2003-ல் நாடாளுமன்றம் இயற்றியது. நான்காவது பிரிவைப் படித்துப் பாருங்கள். 2008 அக்டோபர் 2 முதல் விதிகளை இறுக்கினார்கள். ஆபீஸ், ஓட்டல், தியேட்டர், ரயில் நிலையம், பஸ் ஸ்டாப் எல்லாம் அதில் அடக்கம். போர்டுக்குக்கூட அளவு உண்டு, 60-க்கு 30 சென்டிமீட்டர். அதற்கு நேர் கீழே நின்று பற்ற வைப்பவருக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது. பக்கத்தில் நிற்பவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பதுதான் அவருடைய தைரியம்.

அபராதம் எவ்வளவு?
(மேற்படி மாணவரின் அறைத் தோழர்)

200 ரூபாய் வரை. 2003-ல் அந்தத் தொகை வலித்திருக்கும். இன்று அது ஒரு பிரியாணிக் கணக்கு. கர்நாடகம் சட்டத்தைத் திருத்தி 1,000 ஆக்கிவிட்டது. வாங்கும் வயதையும் 21-க்கு உயர்த்தியது. காவிரிக்குப் போட்டி போடுகிற நாம் இதற்கும் போடலாம்.

அது ஏன் அக்டோபர் 2?
(ஆசிரியை, சிவகாசி)

காந்தி பிறந்த நாள். சிறு வயதில், வீட்டுப் பெரியவர் வீசிய துண்டுகளைப் பொறுக்கி ஊதியதையும், பிறகு வேலைக்காரரின் காசைத் திருடி பீடி வாங்கியதையும் அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பெரியவர்கள் வீசும் துண்டு யார் கைக்குப் போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது, டீச்சர்.

என் தாத்தா தினமும் சுருட்டு பிடித்து 92 வயது வரை வாழ்ந்தார். என்ன சொல்கிறீர்கள்?
(விவசாயி, ஒட்டன்சத்திரம்)

தாத்தாவுக்கு ஒரு கும்பிடு. அவரோடு திண்ணையில் உட்கார்ந்து சுருட்டு பிடித்த கூட்டாளிகளில் எத்தனை பேர் 92-ஐப் பார்த்தார்கள்?

ரிச்சர்ட் டால் என்ற ஆய்வாளர் 1951-ல் தொடங்கிய ஆய்வு பிரிட்டிஷ் டாக்டர்களையே 50 ஆண்டு விடாமல் கவனித்தது. தொடர்ந்து புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாக 10 ஆண்டு முன்னதாகவே போய்ச் சேர்ந்தார்கள். மருந்து எழுதுகிற கைக்கே அந்தக் கதி.

நாடு தழுவிய புகைத் தடைக்குப் பிள்ளையார் சுழி போட்டது நாடாளுமன்றம்தானே?
(வழக்கறிஞர், மதுரை)

கொச்சி! அடுத்தவர் புகையால் அவதிப்பட்ட குடிமக்கள் கேரள உயர் நீதிமன்றத்தின் படியேறினார்கள். 1999 ஜூலையில் தீர்ப்பு வந்தது. பொது இடத்தில் புகைப்பது பக்கத்தில் இருப்பவரின் உயிர் வாழும் உரிமையில் கை வைப்பது, அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவுக்கு விரோதம் என்றது நீதிமன்றம். பொதுத் தொல்லைக் குற்றமாக எடுத்துக்கொண்டு நடவடிக்கை எடுங்கள் என்று போலீசுக்கும் சொன்னது.

அந்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் ஏ.ஆர். லட்சுமணன், நம் தேவகோட்டைக்காரர். செட்டிநாட்டு வாசகர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.

2001 நவம்பரில் முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நாடு முழுவதற்கும் விரித்தது. நாடாளுமன்றம் வந்தது அதற்குப் பிறகு. முதலில் இருமியவர் யார் என்று பார்த்தால், மனு போட்ட பொதுஜனம்தான்.

என் வீட்டுக்காரர் பால்கனியில் நின்றுதான் பிடிக்கிறார். எனக்கு ஒன்றும் ஆகாதே?
(இல்லத்தரசி, அம்பத்தூர்)

பால்கனியில் நிற்பது அவர் மட்டும்தான் அம்மா. புகை உள்ளே வந்துவிடுகிறது.

இந்தக் கேள்வியை உலகத்துக்காகக் கேட்டவர் ஜப்பானின் தகேஷி ஹிராயாமா. புகைக்காத 91,540 மனைவிகளை 14 ஆண்டு பின்தொடர்ந்தார். 1981-ல் முடிவை வெளியிட்டார். கணவர் எவ்வளவு அதிகம் ஊதினாரோ, மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அவ்வளவு அதிகம். சிகரெட் கம்பெனிகள் அவர் மேல் பாய்ந்தன. கணக்கே தப்பு என்று முழங்கின. பின்னால் அந்தக் கம்பெனிகளின் உள் ஆவணங்கள் வெளியே வந்தபோது, அவர்கள் அமர்த்திய நிபுணர்களே "ஹிராயாமா சொன்னது சரி" என்று ஒப்புக்கொண்டிருந்தது தெரிந்தது. தெரிந்தே ஊரை ஏமாற்றியிருக்கிறார்கள். இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, அடுத்தவர் புகையை உறுதியான புற்றுநோய்க் காரணியாக 2004-ல் அறிவித்தது. துணைவர் புகைத்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து மனைவிக்குச் சுமார் 20 சதவீதம் கூடும், கணவருக்குச் சுமார் 30. அக்கினியை வலம் வந்தபோது எல்லாவற்றிலும் பாதி என்று ஒப்புக்கொண்டீர்கள். இதில் பாதி வேண்டாம் என்று இன்று சாயந்திரமே சொல்லிவிடுங்கள்.

ஃபில்டர் இருக்கிறதே?
(அம்பத்தூர் அம்மாவின் கணவராக இருக்கலாம்)

இழுப்பவருக்கு இருக்கிறது. எரிகிற முனையிலிருந்து கிளம்பும் புகைக்கு ஏது ஃபில்டர்? காசு கொடுத்தவருக்கு வடிகட்டி, கொடுக்காதவருக்கு வண்டல்.

புற்றுநோய் தொத்துமா?
(8-ஆம் வகுப்பு மாணவி, அரக்கோணம்)

தொத்தாது கண்ணு. தாராளமாகப் பக்கத்தில் உட்காரலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். பீடிதான் தொத்தும், ஒரு கூட்டாளியிடமிருந்து இன்னொரு கூட்டாளிக்கு.

பெரிய ஓட்டல்களில் புகைப்பவர்களுக்கெனத் தனி அறை இருக்கிறதே, அது எப்படி?
(மருந்து விற்பனைப் பிரதிநிதி, கோவை)

சட்டத்தில் உள்ள பொத்தல். 30 அறை உள்ள விடுதி, 30 இருக்கை உள்ள உணவகம், விமான நிலையம் ஆகிய மூன்றுக்கும் தனி அறைச் சலுகை கொடுத்திருக்கிறார்கள். அதை அடைத்தாக வேண்டும்.

எவ்வளவு காற்றோட்டம் வைத்தாலும் ஆபத்தை நீக்க முடியாது, உள்ளே யாரும் புகைக்காமல் இருப்பதுதான் ஒரே வழி என்று அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கம் 2005-லேயே சொல்லிவிட்டது. ஏசி அமைக்கிறவர்களே ஏசியால் முடியாது என்கிறார்கள். பந்தல் ஒழுகினால் ஓர் இலைக்கு மட்டுமா ஒழுகும்?

டீக்கடை வைத்திருக்கிறேன். தூணில் கயிறு கட்டிப் பற்ற வைத்திருப்பது தப்பா?
(தேனி)

தப்புதான் அண்ணாச்சி. பொது இடத்தில் புகைப்பதற்கு ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் என்று எந்த வசதியும் செய்து தரக் கூடாது என்கிறது விதி. உங்கள் கயிறு அந்த "எந்த வசதியும்" என்பதற்குள் கச்சிதமாக அடங்கும். கடைக்குள் புகைப்பவரைத் தடுக்காமல் விட்டால், புகைத்தவர் எத்தனை பேரோ அத்தனை பேருக்கான அபராதமும் உங்கள் கல்லாவிலிருந்து போகும்.

வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 2003-ல் நியூயார்க் நகரம் மதுக்கடை உள்படத் தடை போட்டபோது அங்கேயும் இதே புலம்பல். அடுத்த ஓராண்டில் உணவகம், மதுக்கடைகளிடமிருந்து வந்த வரி வசூல் 8.7 சதவீதம் கூடியது. 2004 மார்ச் 29-ல் அயர்லாந்து, உலகிலேயே முதலாவதாக, நாடு முழுக்க வேலையிடங்களில் தடை கொண்டுவந்தது. மதுக்கடைதான் அந்த ஊரின் திண்ணை. அங்கேயே நடந்தது.

உங்கள் கடைக்கு ஆள் வருவது டிகாஷனுக்காக. கயிறை அவிழ்த்துப் பாருங்கள், பெண்களும் நின்று டீ குடிப்பார்கள்.

தியேட்டரில் படத்துக்கு முன்னால் போடும் புகையிலை எதிர்ப்பு விளம்பரம் போரடிக்கிறது.
(சினிமா ரசிகர், சேலம்)

முன்பு அதில் வந்த இளைஞர் இறந்தபோது வயது 24. அவர் புகைத்தவரும் இல்லை, குட்கா மென்றவர். உங்களுக்கு அரை நிமிடம் போகிறது. அவருக்கு மிச்ச ஆயுளே போனது.

ரஜினி சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் ஸ்டைலுக்கு ஈடு உண்டா?
(அதே சேலம், வேறு ரசிகர்)

தூக்கிப் போட்டதுவரை பிரமாதம். பிடிக்காமல் விட்டிருந்தால் இன்னும் பிரமாதம். 2002-ல் "பாபா" வந்தபோது டாக்டர் ராமதாஸ் புகைக் காட்சிகளுக்கு எதிராகக் கொடி பிடித்தார். ஊரே சிரித்தது. ஆறு வருடம் கழித்து, அவர் மகன் அன்புமணி மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோதுதான் அந்த 2008 விதிகள் வந்தன. கட்சி எதுவாக இருந்தாலும், செய்தவரைச் செய்தவர் என்று சொல்வோம்.

விமானத்தில் புகை பிடிக்கக் கூடாது. ஆனால் கழிவறையில் ஆஷ்ட்ரே இருக்கிறது. என்ன கூத்து இது?
(முதல் பயணம் போய் வந்தவர், நாகப்பட்டினம்)

கூத்து இல்லை, அனுபவம். தடையை மீறி ஒருவன் பற்ற வைத்தால், துண்டைக் காகிதக் குப்பையில் போடாமல் இருக்கவாவது ஓர் இடம் வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. 1973 ஜூலையில் ரியோவிலிருந்து பாரிஸ் போன வாரிக் நிறுவன விமானத்தின் கழிவறையில் தீப்பிடித்தது. 123 பேர் இறந்தார்கள். சிகரெட் துண்டுதான் காரணமாக இருக்கக்கூடும் என்பது விசாரணையின் சந்தேகம். சட்டம் போடுகிறவர்கள் மனிதனை எவ்வளவு நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

பீடி சுற்றிப் பிழைக்கிறோம். எல்லோரும் விட்டுவிட்டால் எங்கள் சோறு என்னாவது?
(முக்கூடல்)

இந்தத் தபாலிலேயே கனமான கடிதம் உங்களுடையதுதான் அக்கா. இதற்கு நான் கிண்டலாகப் பதில் சொல்ல மாட்டேன்.

திருநெல்வேலி, தென்காசி, வேலூர், குடியாத்தம் பக்கம் எத்தனையோ வீடுகளில் மடியில் தட்டை வைத்து, இலை நறுக்கி, தூள் வைத்துச் சுற்றித்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. தூள் பறந்து நெஞ்சுக்குள் போவது கணக்கில் வராது. ஒரு பீடிகூடப் பிடிக்காமல் புகையிலையை வாங்கிக்கொள்கிறவர்கள் நீங்கள்.

பீடித் தொழிலாளர் நலநிதிக்கு 1976-லேயே சட்டம் வந்தது. அதற்குப் பணம் தந்த தனி வரியை 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது எடுத்துவிட்டார்கள். புகைத் தடை கேட்கிற எவரும் அதே மூச்சில் உங்களுக்கு மாற்றுத் தொழில் கேட்க வேண்டும், நலநிதிக்கு நிலையான பணம் கேட்க வேண்டும். கேட்காதவரின் பேச்சு எனக்கு அரைப் பேச்சு.

வேப்பில் வருவது வெறும் நீராவிதானே?
(ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்)

வெறும் நீராவி வேண்டுமென்றால் இட்லிப் பானையைத் திறங்கள். அதில் நிகோடின் இருக்காது. 2019 முதல் நாடு முழுக்க வேப் எனும் இ-சிகரெட்டின் தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி, விளம்பரம் எல்லாம் தடை. தமிழ்நாடு ஒரு வருடம் முந்திக்கொண்டது. விற்றவனிடம் பில் கேட்டுப் பாருங்கள், ஓடிவிடுவான்.

புற்றுநோய்த் தடுப்பு என்றால் பெரிய ஆஸ்பத்திரி, பெரிய மெஷின். கிராமத்தில் என்ன செய்ய முடியும்?
(ஊராட்சி உறுப்பினர், பெரம்பலூர்)

உலகத்துக்கே பாடம் சொன்னது ஒரு கிராமப்புறம்தான், அதுவும் நம் திண்டுக்கல் மாவட்டம்!

2000-ல் தொடங்கினார்கள். அம்பிளிக்கை மருத்துவமனையை மையமாக வைத்து, 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை. மெஷின் கிடையாது. நீர்த்த அசெட்டிக் அமிலம், அதாவது வினிகர் சமாச்சாரம், அதைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்து, பயிற்சி பெற்ற செவிலியர் கண்ணால் பார்ப்பார். வெளுத்துத் தெரிந்தால் அடுத்த கட்டச் சோதனை, தேவையானால் அங்கேயே சிகிச்சை.

31,000-க்கும் அதிகமான பெண்கள் வந்தார்கள். 2007-ல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. பரிசோதனை நடந்த ஊராட்சிகளில் இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் டாக்டர் சங்கரநாராயணன். வெட்கத்தை விட்டு வரிசையில் நின்ற அந்தப் பெண்களுக்கும் இந்தப் பெருமையில் பங்கு உண்டு. உங்கள் ஊராட்சியில் தேவை ஒரு அறை, ஒரு திரை, ஒரு செவிலியர். தீர்மானம் போடுங்கள் ஐயா.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எப்படி வந்தது?
(ஆட்டோ ஓட்டுநர், திருவான்மியூர்)

ஒரு தங்கையின் மரணத்திலிருந்து. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்தார். முப்பது வருடம் அந்த வலியை இறக்கி வைக்காமல் சுமந்தார் அக்கா. 1954-ல் 12 படுக்கையோடு திறந்தார். மறு வருடம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் கண்மூடும் வரை அங்கேயே இருந்தார். நீங்கள் சவாரி இறக்கிவிடும் அந்த வாசலுக்குப் பின்னால் இரண்டு பெண்களின் நூறு வருடப் பிடிவாதம் இருக்கிறது.

கொசுவர்த்திச் சுருளும் புகைதானே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?
(கும்பகோணம்)

விடவில்லை. ஒரு சுருள் எரிந்து முடிக்கும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று ஓர் ஆய்வு அளந்து சொல்லியிருக்கிறது. கதவை மூடிவிட்டு உள்ளே படுப்பவர் கொசுவுக்கு முன்னால் மயங்குவார். வலை கட்டுங்கள்.

புகை பிடிப்பது என் உரிமை!
(பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆச்சரியக்குறி மட்டும் இருந்தது)

சட்டம் உங்கள் சிகரெட்டைப் பிடுங்கவில்லை ஐயா. எங்கள் மூக்கிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறது.

தமிழ்நாட்டில் எத்தனை பேர் புகைக்கிறார்கள்?
(புள்ளியியல் மாணவி, சிதம்பரம்)

2016-17 தேசிய ஆய்வின்படி பெரியவர்களில் பத்துக்கு ஒருவர். மெல்லுவது, அதக்குவது எல்லாம் சேர்த்தால் ஐந்துக்கு ஒருவர். முதல் கணக்கை மறுபடி படியுங்கள். ஒன்பது பேர் வாயை மூடிக்கொண்டு, ஒருவர் வாயிலிருந்து வருவதை வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஒன்பது பேர் சேர்ந்தால் மட்டும் என்ன கிழித்துவிட முடியும்?
(சந்தேகம், விருதுநகர்)

சண்டிகரைக் கிழித்திருக்கிறார்கள், நல்ல அர்த்தத்தில். அங்கே ஒரு சிறு தன்னார்வ அமைப்பு, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு மேல் மனுவாகப் போட்டது. போர்டு எங்கே, அபராதம் எவ்வளவு வசூல், பொறுப்பு யார் என்று அதிகாரிகளைக் கேட்டது. பதில் சொல்ல வேண்டுமே என்றாவது வேலை நடந்தது. 2007 ஜூலையில், நாட்டிலேயே முதல் புகையற்ற நகரம் என்ற அறிவிப்பு வந்தது. மனுக் கட்டணம் பத்து ரூபாய்.

சட்டம் போட்டதும் நோய் குறைந்துவிடுமா?
(செவிலியர், ராமநாதபுரம்)

புற்றுநோய் குறைய வருடங்கள் ஆகும். இதயம் அவ்வளவு பொறுக்காது. அமெரிக்காவின் ஹெலினா என்ற சிற்றூரில் 2002-ல் ஆறு மாதம் தடை இருந்தது. மாரடைப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தார்கள். நீதிமன்றம் தடையை நிறுத்தி வைத்தது. கூட்டம் திரும்பி வந்தது. சின்ன ஊர், சின்னக் கணக்கு என்று முணுமுணுத்தார்கள். ஸ்காட்லாந்து 2006-ல் நாடு முழுக்கத் தடை போட்டு எண்ணிப் பார்த்தது. 17 சதவீதம் குறைந்திருந்தது.

புகைக்குத் தடை போட்ட முதல் ஆள் நம் நாட்டில் யார்?
(வரலாற்று ஆர்வலர், தஞ்சாவூர்)

ஜஹாங்கீர் 1617-ல் தடை உத்தரவு போட்டார். அதே ஜஹாங்கீர் மதுவில் மூழ்கிக் கிடந்தவர். குடிகாரருக்கே பொறுக்கவில்லை என்றால் புகை எப்படி இருந்திருக்கும்!

பெட்டியில் 85 சதவீதம் பயங்கரப் படம். ஆனாலும் பையன்கள் பயப்படவில்லையே?
(தலைமை ஆசிரியர், அறந்தாங்கி)

படம் இருப்பது பெட்டியில். பையன் வாங்குவது ஒற்றை. சில்லறை விற்பனையை நிறுத்தாமல் படத்தைப் பெரிதாக்கிப் பயனில்லை. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கவே கூடாது என்பதும் சட்டம்தான். உங்கள் வாசலில் நின்று ஒரு கயிறு பிடித்து அளந்து பாருங்கள் சார். கடை உள்ளே விழுந்தால் காவல் நிலையத்துக்கு உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம்.

விட நினைக்கிறேன். முடியவில்லை.
(லாரி ஓட்டுநர், நாமக்கல்)

முடியவில்லை என்று எழுதுகிற அளவுக்கு முயன்றிருக்கிறீர்கள், அதற்கே ஒரு கைகுலுக்கல். அடுத்த பெட்டியை வாங்கும்போது தூக்கிப் போடுமுன் திருப்பிப் பாருங்கள். 1800-11-2356 என்று ஓர் எண் இருக்கும். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசுவார்கள். நிறுத்திய 12 மணி நேரத்தில் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு வடிந்துவிடும், ஒரு வருடத்தில் இதய நோய் ஆபத்து பாதியாகும். நாமக்கல்லிலிருந்து நாக்பூர் போய்ச் சேரும் முன்பே உடம்பு வேலையை ஆரம்பித்துவிடும். கிளீனர் பையனும் அதே கேபினில்தான் மூச்சு விடுகிறான் என்பதைக் கண்ணாடிக்கு மேலே எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

மாமனார் கூடத்தில் உட்கார்ந்து பீடி பிடிக்கிறார். புது மருமகன் நான், எப்படிச் சொல்வது?
(பொள்ளாச்சி)

சொல்லாதீர்கள் மாப்பிள்ளை. உங்கள் மனைவியைச் சொல்லச் சொல்லுங்கள். மகள் சொல்லி எந்த அப்பாவும் மறுத்ததில்லை. அதற்கும் மசியவில்லை என்றால் ஒரு வருடம் பொறுத்து, பேரப்பிள்ளையைத் தூக்கி மடியில் கொடுங்கள். குழந்தையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும்.